பள்ளிப் பேருந்து நிறுத்தங்களைச் சுற்றியுள்ள போதைப்பொருள் தடை மண்டலங்கள்: வாஷிங்டன் மாநிலத்தில் நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

வலி, மனப்பதற்றம், தூக்கமின்மை, கவனக்குறைவு போன்றவற்றுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்துகளுள் சில, சட்டத்தின் பார்வையில் "கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள்" ஆகும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பள்ளிப் பேருந்து நிறுத்தம் ஒன்றிலிருந்து 1,000 அடி தொலைவுக்குள் இத்தகைய பொருளைப் பிறருக்குக் கைமாற்றினால் வழக்கமான தண்டனையைவிடக் கூடுதலான தண்டனை விதிக்கப்படலாம். இச்சட்டம் போதைப்பொருள் விற்பனையாளர்களை மனத்தில் கொண்டு இயற்றப்பட்டது. ஆயினும், வீட்டில் வலி நிவாரணி மாத்திரை வைத்திருக்கும் சாதாரணக் குடும்பமும் இதன் எல்லைக்குள் வரக்கூடும். இச்சட்டம் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

சுருக்கமாக

• உங்களுக்கு எழுதித் தரப்பட்ட மருந்தை நீங்கள் வைத்திருப்பதும் உட்கொள்வதும் பள்ளிப் பேருந்து நிறுத்தத்தின் அருகிலும் குற்றமாகாது.
• கட்டுப்படுத்தப்பட்ட மருந்தைப் பணம் வாங்காமல் பிறருக்குக் கொடுத்தாலும் சட்டம் அதைக் கைமாற்றமாகவே கருதும்.
• அருகில் பேருந்து நிறுத்தம் இருப்பது தெரியாது என்பதும், அந்நேரத்தில் அங்கே குழந்தைகள் இல்லை என்பதும் தற்காப்பு வாதங்களாக ஏற்கப்படுவதில்லை.
• மீந்த மருந்துகளைப் பூட்டி வையுங்கள். தேவை முடிந்ததும் மருந்து திரும்பப் பெறும் பெட்டியில் ஒப்படையுங்கள்.
• யாரேனும் மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டிருந்தால், சட்டத்தைப் பற்றிய அச்சத்தால் தாமதிக்காமல் உடனே 911 என்ற எண்ணை அழையுங்கள்.

போதைப்பொருள் தடை மண்டலம் என்றால் என்ன?

குழந்தைகள் கூடும் இடங்களைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட தொலைவை வரையறுத்து, அதற்குள் நிகழும் போதைப்பொருள் குற்றங்களுக்குக் கூடுதல் தண்டனை விதிக்கும் சட்டங்கள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் உள்ளன. இவற்றுக்கு முன்னோடியாக அமைந்தது 1984-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம். இன்று நடைமுறையில் உள்ள கூட்டாட்சிச் சட்டம் பள்ளி, கல்லூரி, விளையாட்டுத் திடல், பொது வீட்டு வசதிக் குடியிருப்பு ஆகியவற்றைச் சுற்றி 1,000 அடி வரையும், இளைஞர் மையம், பொது நீச்சல் குளம் முதலியவற்றைச் சுற்றி 100 அடி வரையும் செல்லும். பள்ளிப் பேருந்து நிறுத்தங்கள் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

நிறுத்தங்களைச் சேர்த்தது சில மாநிலங்களின் சட்டங்களே. அவற்றுள் வாஷிங்டனும் ஒன்று. 1989-ஆம் ஆண்டில் மது மற்றும் கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் குறித்து இம்மாநிலம் ஒரு விரிவான சட்டம் இயற்றியது. அதன்வழி வந்த விதி இன்று மாநிலச் சட்டத் தொகுப்பின் 69.50.435-ஆம் பிரிவாக உள்ளது. குழந்தைகள் நாள்தோறும் பெற்றோரின் கண்காணிப்பும் ஆசிரியரின் கண்காணிப்பும் இன்றிச் சில நிமிடங்கள் நிற்கும் இடம் பேருந்து நிறுத்தம். பள்ளி வளாகத்துக்கு அளிக்கப்படும் பாதுகாப்பு அவ்விடத்துக்கும் வேண்டும் என்பதே இவ்விதியின் அடிப்படைக் கருத்து.

எந்தெந்த இடங்கள் அடங்கும்?

வாஷிங்டன் சட்டத்தின்படி கூடுதல் தண்டனைக்குரிய இடங்களுள் முக்கியமானவை:

• பள்ளி வளாகமும், அதன் எல்லையிலிருந்து 1,000 அடி வரையிலான பகுதியும்
• பள்ளிப் பேருந்தின் உட்பகுதி
• பள்ளி மாவட்டம் குறித்துள்ள பேருந்து நிறுத்தத்திலிருந்து 1,000 அடி வரையிலான பகுதி
• பொதுப் பூங்கா
• பொதுப் போக்குவரத்து வாகனமும், அதற்கான நிழற்குடையும்
• உள்ளாட்சி அமைப்பு போதைப்பொருள் தடை மண்டலமாக அறிவித்துள்ள பொது வீட்டு வசதிக் குடியிருப்பு

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நகரப் பேருந்துக்கான நிழற்குடையைப் பொறுத்தவரை, அதனுள் நிகழும் குற்றம் மட்டுமே இவ்விதிக்கு உட்படும். பள்ளிப் பேருந்து நிறுத்தத்தைப் பொறுத்தவரை, அதனைச் சுற்றியுள்ள 1,000 அடியும் உட்படும்.

1,000 அடி என்பது எவ்வளவு?

ஏறத்தாழ 305 மீட்டர். நடந்தால் நான்கு நிமிடத் தொலைவு. ஒரே ஒரு நிறுத்தத்தைச் சுற்றி இந்த அளவில் வட்டம் வரைந்தால், அது ஏறத்தாழ 72 ஏக்கர் நிலத்தை உள்ளடக்கும். ஒரு குடியிருப்புப் பகுதியில் சில தெருக்களுக்கு ஒரு நிறுத்தம் வீதம் இருக்கும்போது வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஆகவே, குடும்பங்கள் வாழும் புறநகர்ப் பகுதிகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் உள்ள வீடுகளில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு வட்டத்துக்குள் அமைந்துவிடக்கூடும். உங்கள் வீடும் அவ்வாறே இருக்கிறது என்று கொள்வதே பாதுகாப்பானது.

நிறுத்தங்களைத் தீர்மானிப்பது அந்தந்தப் பள்ளி மாவட்டம். மாணவர்களின் முகவரிக்கேற்ப அவை மாறக்கூடும். பல நிறுத்தங்களில் பலகையோ வேறு அடையாளமோ இருப்பதில்லை. தெருமுனையில் புத்தகப் பையுடன் நிற்கும் குழந்தைகளே அடையாளம். நீதிமன்றத்தில் தொலைவை மெய்ப்பிக்க, பள்ளி மாவட்டமோ உள்ளாட்சி அமைப்போ தயாரித்த வரைபடம் முறைப்படி உறுதி செய்யப்பட்டால் அது முதல்நிலைச் சான்றாக ஏற்கப்படும்.

"எனக்குத் தெரியாது" என்பது ஏற்கப்படுமா?

ஏற்கப்படாது. தாம் தடை மண்டலத்துக்குள் இருப்பதை அறிந்திருக்கவில்லை என்பது தற்காப்பு ஆகாது எனச் சட்டமே வெளிப்படையாகக் கூறுகிறது. குற்றம் நிகழ்ந்தபோது 18 வயதுக்கு உட்பட்ட எவரும் நிறுத்தத்தில் இல்லை என்பதும், அன்று பள்ளி நடைபெறவில்லை என்பதும் தற்காப்பு ஆகா. எனவே, இரவு பத்து மணிக்கும் கோடை விடுமுறையிலும் இவ்விதி பொருந்தும்.

அடையாளப் பலகை இல்லாத நிறுத்தத்தைக் காரணம் காட்டித் தண்டனையை உயர்த்துவது அரசியலமைப்புக்கு முரணானது என்ற வாதம் மாநில உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1992-ஆம் ஆண்டில் "மாநிலம் எதிர் கோரியா" என்ற வழக்கில் அந்த வாதத்தை நீதிமன்றம் ஏற்க மறுத்து, விதி செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

எல்லா மாநிலங்களும் இவ்வாறே வரையறுக்கவில்லை. வர்ஜீனியா மாநிலத்தின் சட்டமும் பேருந்து நிறுத்தத்தைச் சுற்றி 1,000 அடி என்றே கூறுகிறது. ஆனால் குழந்தைகள் பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கும், பேருந்திலிருந்து இறக்கிவிடப்படும் நேரத்துக்கும் மட்டுமே அது பொருந்தும். நீங்கள் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்குள்ள விதியைத் தனியே அறிந்துகொள்ள வேண்டும்.

எந்தச் செயல்களுக்குக் கூடுதல் தண்டனை?

கட்டுப்படுத்தப்பட்ட பொருளைத் தயாரித்தல், விற்றல், கைமாற்றுதல், இவற்றைச் செய்யும் நோக்கத்துடன் வைத்திருத்தல் ஆகியவையே 69.50.435-ஆம் பிரிவின்கீழ் வருகின்றன. சொந்தப் பயன்பாட்டுக்காக மட்டும் வைத்திருத்தல் இப்பிரிவில் அடங்காது. எனினும், மருந்துச் சீட்டு இன்றிக் கட்டுப்படுத்தப்பட்ட பொருளை அறிந்தே வைத்திருப்பது வேறொரு பிரிவின்கீழ்த் தனிக் குற்றம் என்பதை மறக்கலாகாது.

இப்பிரிவின்கீழ், அக்குற்றத்துக்குரிய அதிகபட்ச அபராதத்தையோ சிறைத்தண்டனையையோ இரண்டையுமோ இரு மடங்கு வரை உயர்த்தலாம். எடுத்துக்காட்டாக, ஆக்ஸிகோடோன் போன்ற வலி நிவாரணியைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கைமாற்றுவதற்கு அதிகபட்சம் 10 ஆண்டுச் சிறை விதிக்கப்படலாம். தடை மண்டலத்துக்குள் அந்த உச்சவரம்பு 20 ஆண்டு வரை உயரலாம். இதனோடு, மாநிலத் தண்டனை வழிகாட்டு விதிகளின்படி, இத்தகைய குற்றத்துக்கான வழக்கமான தண்டனை அளவுடன் 24 மாதங்கள் சேர்க்கப்படும். உண்மையில் விதிக்கப்படும் தண்டனை குற்றத்தின் தன்மையையும் முன்வரலாற்றையும் பொறுத்து மாறும். மேலே கூறியவை சட்டம் அனுமதிக்கும் வரம்புகளே.

இரக்கத்தால் கொடுக்கும் மாத்திரையும் கைமாற்றமே

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் கூர்ந்து கவனிக்க வேண்டிய பகுதி இது. கைமாற்றம் என்பதற்கு, ஒரு பொருள் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்வது என்பதே சட்டம் தரும் பொருள். பணம் பெற்றிருக்க வேண்டியதில்லை. தீய நோக்கம் இருந்திருக்க வேண்டியதும் இல்லை.

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒருவருக்கு ஆக்ஸிகோடோன் மாத்திரைகள் தரப்பட்டன என்று கொள்வோம். வலி குறைந்தபின் பத்து மாத்திரைகள் மீந்துள்ளன. அடுத்த வீட்டுக்காரர் முதுகு வலியால் துடிக்கிறார். அவருக்கு இரண்டு மாத்திரைகளைக் கொடுப்பது நம் வழக்கத்தில் அண்டை வீட்டாருக்குச் செய்யும் உதவியாகத் தோன்றலாம். சட்டத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருளின் கைமாற்றம். தெருமுனையில் பள்ளிப் பேருந்து நிற்குமாயின், அது தடை மண்டலத்துக்குள் நிகழ்ந்த கைமாற்றம்.

மருத்துவ நோக்கிலும் இச்செயல் ஆபத்தானது. அந்த அண்டை வீட்டுக்காரர் தூக்க மாத்திரையோ மனப்பதற்ற மருந்தோ உட்கொள்பவராக இருக்கலாம், உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் உடையவராக இருக்கலாம், மது அருந்தியிருக்கலாம். இவற்றுடன் ஓபியாய்டு மருந்து சேரும்போது மூச்சு மெதுவாகி நின்றுவிடக்கூடும். உங்கள் உடலுக்கும் வயதுக்கும் ஏற்ப மருத்துவர் கணித்த அளவு மற்றவருக்குப் பொருந்தாது.

தனி வீட்டுக்குள் நிகழ்ந்தால்?

மூன்று நிலைகளும் ஒருங்கே அமைந்தால், கூடுதல் தண்டனைக்கு எதிராகத் தற்காப்பு வாதம் முன்வைக்கச் சட்டம் இடமளிக்கிறது:

1. செயல் முழுவதும் தனியார் குடியிருப்பு ஒன்றின் உள்ளேயே நிகழ்ந்திருக்க வேண்டும்.
2. அச்செயல் நிகழ்ந்த நேரம் முழுவதும் 18 வயதுக்கு உட்பட்ட எவரும் அவ்வீட்டில் இருந்திருக்கக் கூடாது.
3. இலாப நோக்கம் இருந்திருக்கக் கூடாது.

இவற்றை மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவரையே சாரும். குழந்தை மாடி அறையில் உறங்கிக்கொண்டிருந்தாலும் இரண்டாம் நிலை நிறைவேறாது. குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு இத்தற்காப்பு பெரும்பாலும் பயன்படாது. மேலும், இது கூடுதல் தண்டனையிலிருந்து மட்டுமே காக்கும்; கைமாற்றம் என்ற அடிப்படைக் குற்றத்திலிருந்து காக்காது.

எவை குற்றமாகா?

சட்டத்தைப் பற்றிய அச்சத்தால் தேவையான மருந்தை நிறுத்துவது உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கும். பின்வருவன அனுமதிக்கப்பட்டவை:

• உங்கள் பெயருக்கு எழுதப்பட்ட மருந்தை வைத்துக்கொண்டு குழந்தையை அழைத்துவரப் பேருந்து நிறுத்தத்துக்குச் செல்லுதல்.
• உங்கள் வீட்டில் வாழும் குடும்ப உறுப்பினருக்கு எழுதப்பட்ட மருந்தை அவருக்காக வைத்திருத்தல், மருத்துவர் கூறிய அளவில் அவருக்குக் கொடுத்தல்.
• நோயாளியின் சார்பில் மருந்தகத்திலிருந்து மருந்தைப் பெற்று, பிரிக்காமல் நேரே அவரிடம் சேர்த்தல். மருந்தாளுநர் உங்கள் அடையாள அட்டையைக் கேட்கலாம்.
• ஓபியாய்டு பயன்பாட்டுக் கோளாறுக்குச் சிகிச்சையாக எழுதப்பட்ட பியூப்ரனார்ஃபின், சிகிச்சை நிலையம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மெத்தடோன் ஆகியவற்றை வைத்திருத்தல்.
• நலோக்சோன் வைத்திருத்தலும், பிறருக்குக் கொடுத்தலும். இது ஓபியாய்டின் விளைவை முறிக்கும் மருந்து. கட்டுப்படுத்தப்பட்ட பொருள் அன்று.

வெளியே செல்லும்போது மருந்தை மருந்தகம் தந்த குப்பியிலேயே எடுத்துச் செல்லுங்கள். கிழமைவாரியான மாத்திரைப் பெட்டியைப் பயன்படுத்துவோர், குப்பியின் மேலுள்ள விவரச்சீட்டின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பது நன்று.

எந்த மருந்துகள் கட்டுப்படுத்தப்பட்டவை?

பொதுவாக எழுதித் தரப்படுவனவற்றுள் சில:

• ஓபியாய்டு வலி நிவாரணிகள்: ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன், மார்ஃபின், ஃபென்டனில் ஒட்டுப்பட்டை, ட்ராமடால், கோடீன் கலந்த மருந்துகள்
• மனப்பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும்: அல்பிரஸோலம், லோரஸெபம், குளோனஸெபம், டயஸெபம், ஸோல்பிடெம்
• கவனக்குறைவு மற்றும் மிகைச் செயல்பாட்டுக் கோளாறுக்கு: மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமின் வகைகள்
• நரம்பு வலிக்கு: பிரிகாபலின்

உங்கள் மருந்து இவ்வகையைச் சேர்ந்ததா என்பதை மருந்தாளுநரிடம் கேட்டால் உடனே சொல்வார்.

தாயகத்திலிருந்து கொண்டுவரும் மருந்துகள்

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பேரக்குழந்தைகளைக் காண வரும் பெற்றோர் தமக்குரிய மருந்துகளை உடன் கொண்டுவருவர். ட்ராமடால், அல்பிரஸோலம், கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவையும் அவற்றுள் இருக்கலாம். அமெரிக்காவில் 2014-ஆம் ஆண்டு முதல் ட்ராமடால் கூட்டாட்சிச் சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட பொருளாக உள்ளது. இம்மருந்துகளை மூல உறையிலேயே, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மருத்துவர் கடிதத்துடன், பயணக் காலத்துக்குத் தேவையான அளவு மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். சுங்கத்தில் அவற்றை அறிவிக்க வேண்டும். வந்தபின் அவற்றை உறவினர்க்கோ நண்பர்க்கோ பகிர்ந்து கொடுக்கலாகாது. பெற்றோருக்கு மீண்டும் மருந்து தேவைப்பட்டால் இங்குள்ள மருத்துவர் ஒருவரை அணுகுவதே முறை.

குடியுரிமை பெறாதோர் கவனத்துக்கு

பணி விசாவிலோ மாணவர் விசாவிலோ நிரந்தர வசிப்பு அனுமதியிலோ வாழ்பவருக்கு, கட்டுப்படுத்தப்பட்ட பொருள் தொடர்பான தண்டனை நாடு கடத்தலுக்குக் காரணமாகலாம். சொந்தப் பயன்பாட்டுக்காக 30 கிராம் அல்லது அதற்குக் குறைவான கஞ்சாவை ஒரே ஒரு முறை வைத்திருந்தது மட்டுமே நாடு கடத்தல் விதிக்குக் குறிப்பிடத்தக்க விலக்காகும். வாஷிங்டன் மாநிலத்தில் 21 வயது நிறைந்தோர் கஞ்சாவை வாங்க 2012-ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் குடிவரவு என்பது கூட்டாட்சிச் சட்டத்துக்கு உட்பட்டது, அதில் கஞ்சா இன்றும் தடைசெய்யப்பட்ட பொருளே. வழக்கு ஏதேனும் தொடுக்கப்பட்டால், எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன் குற்றவியலும் குடிவரவுச் சட்டமும் அறிந்த வழக்கறிஞரைக் கலந்தாலோசியுங்கள்.

குழந்தையும் மருந்தும் பேருந்தும்

கவனக்குறைவுக் கோளாறுக்கான மாத்திரையைக் குழந்தையின் பையில் வைத்து அனுப்பாதீர்கள். நிறுத்தத்திலோ பேருந்திலோ நண்பன் கேட்டான் என்று குழந்தை ஒரு மாத்திரையைக் கொடுத்தால், அது கைமாற்றமாகும். பெற்றுக்கொண்ட குழந்தையின் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஆபத்தான அளவுக்கு உயரலாம்.

பள்ளி நேரத்தில் மருந்து தேவைப்பட்டால் பெற்றோரின் எழுத்து வழி வேண்டுகோளும் மருத்துவரின் எழுத்து வழி அறிவுறுத்தலும் வேண்டும். மருந்தை, விவரச்சீட்டு ஒட்டிய குப்பியில் பெரியவர் ஒருவர் நேரே பள்ளிச் செவிலியரிடம் ஒப்படைக்க வேண்டும். ஆஸ்துமாவுக்கான உறிஞ்சிக் கருவியையும் கடும் ஒவ்வாமைக்கான எபிநெஃப்ரின் ஊசியையும் உரிய அனுமதியுடன் குழந்தை தானே வைத்திருக்கலாம். இவை கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் அல்ல.

மருத்துவக் கஞ்சா தேவைப்படும் மாணவர்களுக்காக 2019-ஆம் ஆண்டில் மாநிலம் தனிச் சட்டம் இயற்றியது. தகுதி பெற்ற மாணவருக்கு, புகைக்கும் வகை அல்லாத கஞ்சா கலந்த மருந்தைப் பள்ளி வளாகத்திலும் பள்ளிப் பேருந்திலும் பெற்றோரோ பாதுகாவலரோ கொடுக்க அது வழிசெய்கிறது. இதற்குரிய நடைமுறையை முன்கூட்டியே பள்ளி மாவட்டத்திடம் கேட்டறியுங்கள்.

வளரிளம் பருவத்தினரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: மருந்தகத்திலிருந்து வராத எந்த மாத்திரையையும் நம்பக் கூடாது. ஆக்ஸிகோடோன் போலவும் அல்பிரஸோலம் போலவும் அச்சு அசலாகச் செய்யப்பட்ட போலி மாத்திரைகளில் ஃபென்டனில் கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. 2 மில்லிகிராம் ஃபென்டனில்கூட உயிரைப் பறிக்கலாம் என அமெரிக்கப் போதைப்பொருள் அமலாக்க நிர்வாகம் எச்சரிக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

பூட்டி வையுங்கள். சமையலறை மேடையும் கைப்பையும் படுக்கையருகு மேசையும் பாதுகாப்பான இடங்கள் அல்ல. சிறு பூட்டுப் பெட்டி போதும். மெத்தடோன் போன்றவற்றுக்கு இது இன்றியமையாதது. ஒரு மிடறே குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம்.

எண்ணி வையுங்கள். எத்தனை மாத்திரைகள் வந்தன, எத்தனை மீந்துள்ளன என்பதை வாரம் ஒரு முறை பாருங்கள்.

ஒப்படையுங்கள். வாஷிங்டனில் 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மருந்து உற்பத்தியாளர்களின் செலவில் மருந்து திரும்பப் பெறும் திட்டம் 2020 முதல் நடைபெறுகிறது. மருந்தகங்கள், மருத்துவமனைகள், காவல் நிலையங்கள் பலவற்றில் இதற்கான பெட்டிகள் உள்ளன. அஞ்சலில் அனுப்புவதற்கான உறைகளும் இலவசமாகக் கிடைக்கும். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளையும் இப்பெட்டிகளில் இடலாம். யாரும் பெயர் கேட்பதில்லை.

இறந்தவரின் மருந்துகள். வீட்டில் நோயுற்றிருந்தவர் மறைந்தபின் எஞ்சிய மார்ஃபினையும் ஃபென்டனில் ஒட்டுப்பட்டைகளையும் என்ன செய்வது எனக் குடும்பத்தினர் தயங்குவர். அவற்றை உரிய முறையில் ஒப்படைக்கக் கூட்டாட்சிச் சட்டம் குடும்பத்தினருக்கு அனுமதி அளிக்கிறது. வேறொருவருக்குப் பயன்படுமே என்று கொடுத்துவிடாதீர்கள். இல்லப் பராமரிப்புச் செவிலியரிடமும் உதவி கேட்கலாம்.

அளவுக்கு மீறிய மருந்து: உடனே செய்ய வேண்டியவை

கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குதல், மூச்சு மெதுவாதல் அல்லது நின்றுவிடுதல், உதடும் நகமும் நீலம் பாய்தல், எழுப்பினாலும் எழாமை ஆகியவை ஓபியாய்டு மிகையின் அறிகுறிகள்.

1. 911 என்ற எண்ணை அழையுங்கள். "தமிழ்" என்று ஆங்கிலத்தில் கூறி மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.
2. நலோக்சோன் இருந்தால் மூக்கில் தெளியுங்கள். இரண்டு, மூன்று நிமிடங்களில் மாற்றம் இல்லையேல் மீண்டும் ஒரு முறை கொடுங்கள்.
3. தெரிந்தால் வாய்வழிச் செயற்கைச் சுவாசம் கொடுங்கள்.
4. மூச்சு விடத் தொடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உதவி வரும்வரை உடனிருங்கள்.

2010-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள மாநிலச் சட்டத்தின்படி, மிகை மருந்துக்காக நல்லெண்ணத்துடன் மருத்துவ உதவி கோருபவர் மீதும், பாதிக்கப்பட்டவர் மீதும், அவ்வழைப்பின் விளைவாகக் கிடைத்த சான்றைக் கொண்டு போதைப்பொருள் வைத்திருந்த குற்றம் சாட்டப்படாது. விற்பனைக்கும் கைமாற்றத்துக்கும் இப்பாதுகாப்பு நீளாது. ஆயினும் உயிர் பிரியும் தறுவாயில் இவற்றைக் கணக்கிட்டு நிற்காதீர்கள். மூளைக்கு ஆக்ஸிஜன் செல்லாத ஒவ்வொரு நிமிடமும் மீளாத சேதத்தை உண்டாக்கும்.

இச்சட்டங்கள் பயன் தருகின்றனவா?

குழந்தைகளின் அருகில் விற்பனை நிகழாமல் தடுப்பதே நோக்கம். ஆனால் வட்டங்கள் ஊர் முழுவதையும் மூடிவிட்டால், விற்பவர் விலகிச் செல்ல வேறு இடமே இராது. குழந்தைகள் நிற்கும் இடத்துக்கெனத் தனிப் பாதுகாப்பும் இல்லாமற்போகும் என்பது இவற்றின் மீதான முதன்மைக் குறை. நெருக்கமாக வீடுகள் அமைந்த நகர்ப்பகுதிகளில் வாழ்வோரே மிகுதியாகத் தண்டிக்கப்படுகின்றனர் என்பது மற்றொன்று. நியூ ஜெர்சி மாநிலத்தின் தண்டனை மறுஆய்வு ஆணையம் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, அம்மாநிலத்தின் பள்ளி மண்டலச் சட்டத்தின்கீழ்ச் சிறையிலிருந்தோரில் 96 விழுக்காட்டினர் கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வழியினருமே. இத்தகைய ஆய்வுகளுக்குப் பின் சில மாநிலங்கள் எல்லையைச் சுருக்கின. மாசசூசெட்ஸ் 2012-இல் 1,000 அடியை 300 அடியாகக் குறைத்தது. இந்தியானா 2013-இல் 500 அடியாகக் குறைத்தது. வாஷிங்டனில் 1,000 அடி என்பதே விதி.

உதவி பெற

• நஞ்சு மற்றும் மருந்து மிகை குறித்த ஆலோசனை, 24 மணி நேரமும்: 1-800-222-1222
• வாஷிங்டன் மீட்பு உதவித் தொலைபேசி, போதைப் பழக்கமும் மனநலமும்: 1-866-789-1511
• தற்கொலை எண்ணமும் மன நெருக்கடியும்: 988
• உயிருக்கு ஆபத்தான நிலை: 911

போதைப் பழக்கம் சிகிச்சையால் கட்டுப்படும் ஒரு நோய். உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு அது இருப்பதாக ஐயம் எழுந்தால், மாத்திரைகளை மறைத்து வைப்பதோடு நின்றுவிடாமல் மருத்துவரிடம் பேசுங்கள். நீங்கள் மருத்துவரிடம் கூறுவது தனியுரிமைச் சட்டங்களால் பாதுகாக்கப்படுகிறது.

இப்பக்கம் பொதுவான தகவலுக்காக மட்டுமே. உங்கள் உடல்நிலை குறித்து மருத்துவரையும், வழக்கு குறித்து வழக்கறிஞரையும் கலந்தாலோசிக்கவும்.